கொட்டாஞ்சேனை ஸ்டோரில் இருந்த பால்மா

மட்டக்களப்புப் பக்கம் பெருவெள்ளம் வந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒரு சின்னச் சந்தில் மட்டும் இரண்டு நிவாரணச் சங்கங்கள் இருந்தன. தொடங்கும்போது ஒரே சங்கம்தான். யார் தலைவர் என்று முடிவெடுக்கப் போய் இரண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சங்கத்தார் மற்றச் சங்கத்தாரைப் பக்கத்துக் கடைத்தெருவான காலி வீதியில் கண்டால் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத் தரையில் நனைந்துகொண்டு கிடந்த சனத்துக்கு இந்தச் சண்டை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிலையிலும் சிரித்திருக்கும்.

நான் அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை பார்த்தேன். யார், எங்கே, எதைக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்து, ஓர் ஊருக்கு மூன்று லொறி அரிசியும் பக்கத்து ஊருக்கு வெறும் அனுதாபமும் போகாமல் ஒழுங்குபடுத்துவது என் வேலை. சொல்ல இலகு. கொள்ளுப்பிட்டியில் பெரிய நிறுவனங்களின் கூட்டத்துக்கும் நான்தான் போவேன். குளிரூட்டிய அறையில் வரைபடத்தை விரித்துக் கலர் கலராக ஊசி குத்துவார்கள். ஊசி குத்திய இடத்துக்குப் பாலம் இருக்கிறதா, இராணுவம் பாதையைத் திறக்குமா என்று கேட்டால் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்பார்கள். தேநீரோடு கடிக்கிற ரோல்ஸும் பற்றிஸும் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் நேரத்துக்கு வந்துசேரும்.

சண்டைக்குப் பயந்து ஓடிவந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்தின் மேல்தான் அந்த வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிய முன்னர் வாந்திபேதி வந்தது. ஒரு முகாமில் தொடங்கி, பக்கத்து மாவட்டம்வரை போனது. ஆனால் வாந்திபேதி என்று சொல்லக்கூடாது, வயிற்றோட்டம் என்றுதான் சொல்லவேண்டும் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு. பெயரை மாற்றினால் கிருமி குழம்பிப்போய்த் திரும்பிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. நானும் அறிக்கையில் வயிற்றோட்டம் என்றே எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் மருந்துக்கு அனுமதி கிடைக்காது.

அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில்தான் என் தங்கை கணவனோடும் மாமியாரோடும் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெண்பிள்ளை. நான் இன்னும் கண்ணால் காணாத பிள்ளை. பாதை திறந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று தைத்து வைத்த சட்டை அலுமாரியில் கிடந்தது. அந்தப் பிள்ளை இருக்குமா இல்லையா என்பதுதான் அந்த நாட்களில் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி. மற்றதெல்லாம் கையும் வாயும் பழக்கத்தில் செய்த வேலை.

அந்தப் பகுதி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் தினமும் காலையில் என்னோடு தொலைபேசியில் கதைப்பார். நித்திரை இல்லாத குரல். அவர் கேட்டதெல்லாம் மூடி போட்ட தண்ணீர்க் கேன், குளோரின் மாத்திரை, கைகழுவச் சவர்க்காரம், சேலைன். ஒவ்வொரு நாளும் கடைசியாக ஒன்றைச் சொல்லுவார்: கைக்குழந்தைகளுக்கு டின்னில் வருகிற பால்மாவும் போத்தலும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கிணறெல்லாம் மலம் கலந்த வெள்ளம். விறகு நனைந்துவிட்டது, மண்ணெண்ணெய்க்குத் தடை. அந்தத் தண்ணீரில் பால்மாவைக் கரைத்து, கழுவ முடியாத போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் அது பிள்ளைக்கு நோயை ஊட்டுகிற மாதிரி. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகள் தப்புகின்றன, டின் பால் குடிக்கிறவைதான் போகின்றன என்றார்.

இதை எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீடு சேர்ந்திருந்த சங்கத்துக்குச் சொல்லப் போனேன். எங்கள் சனத்துக்குப் பால்மா டின் என்றால் ஒரு பக்தி. ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போனால் டின், பிள்ளை பிறந்தால் டின், சண்டை பிடித்த உறவோடு திரும்பச் சேர்வதற்கும் டின். ஆகவே வெள்ளம் என்றதும் எல்லா வீட்டிலிருந்தும் டின் வந்தது. தலைவரின் மைத்துனருக்குக் கொட்டாஞ்சேனையில் சரக்குப் போட்டுவைக்கிற ஒரு ஸ்டோர் இருந்தது. அங்கே கூரை தொடும்வரை அடுக்கியிருந்தார்கள். காலி வீதியில் துணிக்கடை வைத்திருந்த தலைவர், ஒவ்வொரு டின்னிலும் தன் கடைப் பெயர் போட்ட சீட்டை ஒட்டுவித்திருந்தார். பாதை திறக்கும் கிழமையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரேயொரு லொறிக்குத்தான் அனுமதி.

"டின்னை இறக்கிப்போட்டுக் கேன் ஏத்துங்கோ ஐயா," என்றேன் கூட்டத்தில்.

"பிள்ளை, என்ன கதை கதைக்கிறீர்? பாலுக்கு அழுகிற குஞ்சுகளுக்கு வெறும் பிளாஸ்ரிக் கேனைக் குடுக்கச் சொல்லுறீரே?"

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். டொக்டர்மார் எப்பவும் அப்படித்தான் பயப்படுத்துவினம் என்றார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தா. "நீர் கலியாணம் கட்டேல்லை. பிள்ளை பசியில கத்துறதைக் கேட்டிருக்கிறீரே?"

"என்ர தங்கச்சின்ர பிள்ளை அந்த முகாமிலதான் கிடக்குது மாமி."

"அப்ப அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே குடுக்கிறம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். பால் வேண்டாம் என்று சொல்ல ஒருத்தி வந்திருக்கிறாளே என்கிற பார்வை. எனக்குக் கோபத்தில் காது சுட்டது. இவர்கள் கெட்டவர்கள் என்றால் ஏசிவிட்டுப் போகலாம். இவர்கள் நல்லவர்கள். தங்கள் நல்ல மனதைத் தாங்களே பார்த்து ரசிப்பதற்கு இவர்களுக்கு ஒரு கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடிதான் என் தங்கை மாதிரி ஆட்கள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரித் தொலைபேசியில் தங்கையே வந்தாள். டொக்டர்தான் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்திருந்தார்.

"அக்கா, பால் காணாது. உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்திட்டு அழுகுது. நீ அங்கை நிவாரணத்திலதானே இருக்கிறாய். ஒரு டின். ஒரேயொரு டின் அனுப்பு."

"அனுப்ப மாட்டன். குடுத்துக்கொண்டேயிரு. குடுக்கக் குடுக்கத்தான் ஊறும்."

"எனக்கே சாப்பாடு இல்லை, எங்கையிருந்து ஊறும்?"

"சாப்பாடு வரும். டின்னை மட்டும் தொடாதை. கொதிக்காத தண்ணியில கரைச்சுக் குடுத்தா பிள்ளை தப்பாது."

 "உனக்கென்ன, அங்கை இருந்து கதைக்கச் சுகம்," என்றாள். ரிசீவரை வைத்துவிட்டாள். நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, கொள்ளுப்பிட்டிக் கூட்டத்துக்குப் புறப்பட்டேன். போகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தவன் ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டான். சளித் தடிமன் என்றேன்.

நியாயம் சொல்லி எங்கள் சங்கத் தலைவரை அசைக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. எங்கள் கோயில்களில் ரியூப் லைற்றைப் பார்த்திருப்பீர்கள். உபயம் இன்னார் என்று சிவப்புப் பெயின்ற்றில் நீளத்துக்கு எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவைத்திருப்பார்கள். எங்கள் பகுதிக் கோயிலில் இப்படிப்பட்ட விளக்குகளில் பாதி எங்கள் தலைவருடைய உபயம். துணிக்கடைக்குப் போய் அவர் முன்னால் பணிவாக உட்கார்ந்தேன்.

"ஐயா, டின் முடிஞ்சா எறிஞ்சு போடுவினம். உங்கட பேர் குப்பையில கிடக்கும். கேன் எண்டா வருசக் கணக்கா வைச்சிருப்பினம். கிணத்தடிக்குக் கொண்டுபோவினம், வீட்டுக்கும் கொண்டுபோவினம். பார்க்கிறவை எல்லாம் உங்கட பேரை வாசிப்பினம்."

அவர் முழம் போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "பெருசா எழுதலாமோ?"

"எவ்வளவு பெருசா வேணுமெண்டாலும் எழுதுங்கோ."

அன்று பின்னேரமே பேலியகொடையில் ஒரு மொத்த வியாபாரியிடம் நின்றோம். "ஒக்கோம கன்னவாத, மிஸ்?" என்று அவன் வாயைப் பிளந்தான். ஓம், எல்லாவற்றையும்தான் எடுக்கிறோம் என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் சொன்னபோது அசையாத மனிதர், உபயம் என்றதும் ஓடினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வமும் பட்டேன், அதை மறைப்பானேன்.

ஆனால் கேன்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்தும் லொறி புறப்படவில்லை. பெயர் எழுதி முடியவில்லையாம். கோயில் லைற்றுகளுக்கு எழுதுகிறவரையே பிடித்திருந்தார்கள். தலைவர் பெயர், மைத்துனர் பெயர், மனைவியின் பெற்றோர் ஞாபகார்த்தம், எழுத்துக்கு நிழல் வேறு. பாதை திறந்து இரண்டாம் நாளாகிவிட்டது. அங்கே பிள்ளைகள் போய்க்கொண்டிருக்க, இங்கே கேனுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோருக்குள் போய் நானே கேன்களைத் தூக்கி லொறியில் எறியத் தொடங்கினேன்.

"மிஸ், எழுத்து இன்னும் காயல," என்று பெயின்ற்ரர் பின்னால் ஓடிவந்தார்.

"போற வழியில காயட்டும்," என்றேன். பாதிக் கேன்களில் உபயம் என்று மட்டும் இருந்தது, யாருடையது என்று இல்லை. அப்படியே போகட்டும் என்று ட்ரைவரை அனுப்பிவிட்டேன். தலைவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அது எனக்குப் பெரிய நிவாரணம்.

லொறி போய்ச் சேர்ந்தது. கேனும், எங்கள் அலுவலகம் கூடவே அனுப்பிய மாத்திரையும் சேலைனும் முகாமுக்குப் போயின. டொக்டர் முதல் தடவையாக நன்றி என்று சொன்னார். அதற்கடுத்த கிழமை, இப்போதைக்கு எதையும் அனுப்ப வேண்டாம், நோய் கொஞ்சம் குறைகிறது என்றார். தங்கையைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

அவள் வந்தாள். பிள்ளை எப்படி என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

"இருக்குது," என்றாள் அவளே. "நீ சொன்னமாதிரி குடுத்துக்கொண்டே இருந்தன். இப்ப கொஞ்சம் ஊறுது."

கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, பக்கத்துப் பாயில ஒரு பொம்பிளை. அவவின்ர பொடியனும் எங்கட பிள்ளையும் ஒரே கிழமையில பிறந்ததுகள். போன கிழமை வேற ஒரு லொறி வந்தது. முண்டியடிச்சு அவ புருசன் ஒரு டின் வாங்கிக்கொண்டு வந்தார். ஏதோ துணிக்கடைப் பேர் ஒட்டின டின். அரைவாசி தா எண்டு கேட்டன். தரமாட்டன் எண்டா. முகாமே பார்க்க அவவோட சண்டை பிடிச்சன் அக்கா. தலைமயிரைப் பிடிச்சு இழுத்தன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நேற்றுப் பொடியனை மண்ணில தாட்டாச்சு."

எந்தத் துணிக்கடை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பாராட்டுக் கூட்டம். அழைப்பில்லாமலே போனேன். ஸ்டோரில் இருந்த டின்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவற்றைத் தந்த வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

தலைவருக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "ஒரு டின்னும் வீண்போக விடேல்லைப் பிள்ளை. மற்றச் சங்கத்தின்ர லொறியில இடமிருந்தது. பழசை மறந்து நானே போய்க் கேட்டு ஏத்திவிட்டன்."

கை தட்டினார்கள். ஒரே ஒழுங்கையில் முகம் பார்க்காத இரண்டு சங்கமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அது. ஒரு மாகாணத்தையே ஒழுங்குபடுத்துகிறேன் என்று திரிந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

பக்கத்துப் பாய்ப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அந்த டின் இந்த ஸ்டோரிலிருந்து போனது என்பதையும் சொன்னேன். தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்தா. ஒரு கணம், ஒரேயொரு கணம், விளங்கிவிட்டது என்று நம்பினேன்.

"பாவம்," என்றா அவ. "எண்டாலும் பிள்ளை பசியோட போகேல்லை. எங்கட பாலைக் குடிச்சிட்டுத்தானே போயிருக்குது. அந்தப் புண்ணியமாவது எங்களுக்குக் கிடைச்சுதே."

ஓம், ஓம் என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது. தலைவர் என் தோளைத் தட்டி, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு எல்லோரும் தேநீர் குடிக்க எழுந்தார்கள்.