கொலை நடந்த மேசையைத் துடைத்தவன் எழுதுகிறேன்

மிஸ்டர் கிரெஸ்வெல் போய்விட்டார். லண்டனில், தொண்ணூறு தாண்டிய வயதில்... பழைய ஹோட்டல் நண்பர் ஒருவர் காலையில் லிங்க் அனுப்பினார்.

நாலே வரிச் செய்தி. "சிறு வேடங்களில் நடித்தவர்" என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சிறு வேடமாம். எழுதியவன் அவர் நடித்து ஒரு நாளாவது பார்த்திருப்பானா?

நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. பிரிட்டிஷ் நாடக நடிகர், சினிமாவிலும் உண்டு. ஆனால் போஸ்டரில் பெயர் வராது. பட்லர், போலீஸ்காரர், ஜட்ஜ், பாதிரியார்... கதவைத் திறந்து "கார் ரெடி சார்" என்பார், போய்விடுவார். அப்படியே நாற்பது வருஷம் தாக்குப்பிடித்தார்.

எழுபதுகளில் துபாயின் பெரிய ஹோட்டல்களுக்கு லண்டனிலிருந்து டிராமா குழுக்கள் வரும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் டின்னர் சாப்பிட்டுக்கொண்டே நாடகம் பார்க்கும்.

நான் அப்படி ஒரு ஹோட்டலில் வெயிட்டர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் மனைவி நிறைமாதம்.

அந்த வருஷம் கொலை நாடகம். முதல் பாதி முடிவில் ஒரு பணக்காரர் சாப்பாட்டு மேசையிலேயே விஷம் குடித்துச் செத்துவிடுவார். இடைவேளைக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வந்து துப்புத் துலக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வேஷம் கிரெஸ்வெல்லுக்கு.

இடைவேளையில் எங்களுக்கு ஒரே ஆர்டர்: எச்சில் தட்டு எந்த மேசையிலும் இருக்கக் கூடாது. என் செக்‌ஷன் மேடையை ஒட்டி. மேடை ஒரு முழ உயரம்தான்... பார்த்தால் அங்கேயும் ஒரு மேசை. கவிழ்ந்த கிளாஸ், கொட்டிய ஒயின், பாதி தின்ற கேக்.

ஏறினேன். எல்லாவற்றையும் எடுத்தேன். துணியை மாற்றி, ஃபோர்க், நைஃப் வைத்து, நாப்கினைத் தாமரை மாதிரி மடித்தும் வைத்தேன். நாடகத்தை நான் எங்கே கண்டேன்...

விளக்கு எரிந்தது. "ஒருவரும் எதையும் தொடக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் வந்தார். மேசை பளபளவென்று இருந்தது. விஷக் கிளாஸ் அதற்குள் கிச்சனில் கழுவியாகிவிட்டது.

மேசையையே சற்று நேரம் பார்த்தார். தாமரையைக் கையில் எடுத்தார். "கொலைகாரன் நல்ல ஹோட்டலில் வேலை பார்த்தவன்" என்றார். ஹால் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. இல்லாத கிளாஸை வைத்தே ஆளைப் பிடித்தும் விட்டார்.

ஜெனரல் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து என்னிடம், "கலாஸ் பாய், எல்லாம் முடிஞ்சுது. உனக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லியாச்சு" என்றார். பாஸ்போர்ட் அவர்கள் கையில்.

ரூம்மேட் செல்வராசு, "மேனேஜர் கால்ல விழுந்துடு மாப்ள. புள்ள பொறக்கப்போற நேரம்டா" என்றான்.

"எச்சித் தட்டு கெடந்துச்சு, எடுத்தேன். அதுக்கு எதுக்குடா கால்ல விழணும்?" சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரியே பெட்டியைக் கட்டிவைத்தேன்.

மறுநாள் காலை பிரேக்ஃபாஸ்ட் டியூட்டி. ஜெனரல் மேனேஜர் கிரெஸ்வெல்லின் மேசைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். "அந்த ஆளை ஊருக்கு அனுப்புகிறோம்" என்றார். காபி ஜாடியோடு நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"அப்படியா? எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள்" என்றார் கிரெஸ்வெல், டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

மேனேஜர் சிரித்தார். "உங்களுக்கு இருப்பதே பத்துப் பன்னிரண்டு வசனம். வேறு யாராவது பேசிக்கொள்ளலாம்."

"தாராளமாக. எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஆறு பேர் மேல் சந்தேகம், ஒருவர் பிணம். கொலைகாரனை யார் பிடிப்பது... நீங்களா?"

மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைய நாடகத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது அவருக்கு.

கிரெஸ்வெல் என் பக்கம் கப்பை நகர்த்தினார். ஊற்றினேன், பாதிக் காபி சாசரில்தான் விழுந்தது. அவர் சாசரிலிருந்தே குடித்தார்.

அன்று மாலை மேடையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதே செக்‌ஷனில் நான் டியூட்டி. முன்வரிசையில் ஜெனரல் மேனேஜர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வசனத்தைத் தொடங்கவில்லை. நான் நின்ற பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றித் தலைவணங்கினார். நாடகத்தில் அது கிடையாது.

இருந்துட்டேன் சார்... முப்பத்தோரு வருஷம், அதே ஹோட்டல்ல.

போய்ட்டு வாங்க.