போகிப் புகையில் சரிவுக் கருவி நின்ற காலை

பிள்ளைகளே, அப்பாவுக்கு விமான நிலையத்தில் என்ன வேலை என்று கேட்டால் நீங்கள் "கரண்ட் வேலை" என்று சொல்லிவிடுகிறீர்கள். அது பாதிதான் சரி. பனியிலும் மழையிலும் விமானிக்குத் தரை தெரியாது. அப்போது இரண்டு கருவிகள் அவருக்கு வழி காட்டும். ஒன்று ஓடுபாதையின் நடு எங்கே இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று எந்தச் சரிவில் இறங்கி வரவேண்டும் என்று சொல்லும். ஓடுபாதை ஓரத்தில் ஒரு சின்ன அறையில் அந்தச் சரிவுக் கருவி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன்.

அறைக்கு எதிரே புல்வெளியில் ஒரு கம்பம் உண்டு. கருவி அனுப்பும் சமிக்ஞை சரியாக இருக்கிறதா என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் கருவியை நிறுத்திவிடும். தப்பான வழியைக் காட்டுவதைவிட வழியே காட்டாமல் இருப்பது மேல் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

உங்கள் அம்மா ஹைதராபாத்தில் இருக்கும் சித்தியின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய போகி அன்று எனக்குக் காலை ஷிப்ட். அசோக் நகரில் தெருவுக்குத் தெரு பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. கிண்டி தாண்டியதும் பனியும் புகையும் ஒன்றாகி, முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் விமானம் கிளம்பிவிட்டது என்று போனில் தகவல் வந்திருந்தது.

எனக்கு முன்பே இருவர் அறையில் இருந்தார்கள். ஒருவர் எங்கள் இன்ஜினியர் மேடம். மற்றவன் என்னோடு வேலை பார்க்கும் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். அவன் துடைப்பமும் கையுமாகத் திரிந்தான். போகியன்று வேலை செய்யும் இடத்திலும் பழையதைக் கழித்துக் கட்டவேண்டும் என்பது அவன் வழக்கம்.

அம்மாவின் விமானம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் அலாரம் அடித்தது. கருவி நின்றது. இப்படி நின்றால் மாற்றுக் கருவி தானாக ஓடத் தொடங்கும். தொடங்கியது, அதுவும் நின்றது. மேடம் உடனே விமானங்களை வழிநடத்தும் டவருக்குச் சொன்னார். சற்று நேரத்தில் தலைக்கு மேலே இன்ஜின் சத்தம் பெரிதாகி, பிறகு தூரமாகிப் போனது. விமானி இறங்காமல் விமானத்தை மேலே ஏற்றிவிட்டார்.

மேடம் கருவியின் கதவைத் திறந்தார். எனக்கு ஒன்று உறுத்தியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிக் கெட்டுப்போகும்? கோளாறு வெளியே இருக்க வேண்டும். காலையில் எதையாவது தொட்டாயா என்று அவனைக் கேட்டேன்.

"உள்ள ஒண்ணும் தொடல நைனா. சாமான் வைக்கிற அந்தத் துருப்புடிச்ச ராக்கை மட்டும் இப்பத்தான் வெளிய போட்டேன். போகியாச்சே."

"எங்க போட்ட?"

"கம்பத்தாண்ட கீது. பனில குப்பை வண்டிக்காரன் கண்ணுல படணும்ல?"

மேடம் அவனைத் திட்டவில்லை. டவரில் அனுமதி கேட்டு எங்கள் இருவரையும் அனுப்பினார். கம்பத்துக்குப் பக்கத்தில், சமிக்ஞைக்கு நேர் குறுக்கே அந்த இரும்பு ராக் நின்றது. தூக்கிக்கொண்டுவந்து அறைக்குப் பின்னால் போட்டோம். கருவியை மறுபடி போட்டபோது அது நிற்கவில்லை. அவன் சாமி கும்பிட்டான்.

ஆனால் அளவைச் சரிபார்த்துத்தான் டவரிடம் ஒப்படைக்க வேண்டும். மேடம் கருவியின் பக்கம் இருந்துகொண்டு, என்னை மீட்டரைப் படிக்கச் சொன்னார். முள் எல்லைக் கோட்டை ஒட்டி நின்றது. கோட்டுக்கு உள்ளே என்று சொல்ல முடியவில்லை.

கருவி தயாரா என்று டவரிலிருந்து கேட்டார்கள். விமானம் இன்னும் கொஞ்ச நேரம்தான் சுற்றலாமாம், பிறகு பெங்களூருக்கு அனுப்பவேண்டுமாம். அம்மா அதில் இருப்பது எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். அவன் என் காதருகே வந்து, "நைனா, மயிரிழைதானே, அண்ணி மேல கீறாங்க, விட்டுடு" என்றான்.

அம்மா சீக்கிரம் இறங்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவள் அதில் இருக்கும்போது எப்படி விடுவது என்றும் இருந்தது.

"சரியில்ல மேடம்" என்றேன்.

அவர் டவரிடம் அதையே சொன்னார். விமானம் பெங்களூருக்குப் போய்விட்டது.

நாங்கள் மறுபடி புல்வெளிக்குப் போய்த் தேடினோம். ராக்கிலிருந்து கழன்ற தகடு ஒன்று புல்லுக்குள் கிடந்தது. பனியில் இருவருமே அதைப் பார்க்கவில்லை. அதை எடுத்த பிறகு முள் நடுவுக்கு வந்தது. மேடம் இன்னொரு முறை எல்லாம் பார்த்துவிட்டு ஒப்படைத்தார். அவன் அதற்குப் பிறகு துடைப்பத்தைத் தொடவில்லை.

வெயில் ஏறிப் புகை கலைந்ததும் அம்மாவின் விமானம் திரும்பி வந்து இறங்கியது. வாசலில் போய் நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு முகம் வாடி வந்தாள். உங்க மிஷினா நின்னுச்சு என்று முதலில் கேட்டாள். ஆமாம் என்று நடந்ததைச் சொன்னேன். ஆட்டோ கிண்டிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சும் சரியில்லன்னு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "பெங்களூர்ல ஃபிளைட்டை விட்டு இறங்கவே விடல. பக்கத்து சீட்டு அம்மாவுக்கு சர்க்கரை, பசியில கை நடுங்குச்சு. பிள்ளைங்களுக்கு வாங்கின பிஸ்கட் மொத்தத்தையும் குடுத்துட்டேன். வீட்டுக்குப் போனதும் நீங்களே அதுங்களுக்குப் பதில் சொல்லிக்குங்க" என்றாள்.

அன்றைக்கு பிஸ்கட் எங்கே என்று நீங்கள் கேட்டபோது நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நடந்தது இதுதான்.