பெயின்ட் காயாத வீடுகள்

போன வியாழக்கிழமை ஒரு நர்ஸம்மா என்னைப் பாதியில் எழுந்து ஓட வைத்துவிட்டார். அடுத்தவர் வாயை அடைத்தே பழகிய என்னை!

என் பெரிய மகன் சேகர் மனநல ஆஸ்பத்திரியில், பூட்டு போட்ட வார்டில் இருக்கிறான். அங்கே வாரம் ஒருநாள் நர்ஸ் எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார். குரூப் தெரபி. ஒரு பந்து கைமாறிக்கொண்டே வரும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நம் வீடுகளில் அப்படி ஒரு பந்து உண்டா?

மாதம் ஒருமுறை வீட்டு ஆட்களும் உட்காரலாம். பாகூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன்.

சேகர் தேறிவிட்டான், கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. நான்தான் கூட்டி வரவில்லை. சின்னவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நெட்டப்பாக்கம். பெண்ணுக்கு இப்படி ஒரு பெரியப்பா இருப்பதையே அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. சேகரிடமோ — வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பந்து அவன் கைக்கு வந்தது.

“எங்க வூட்டுக்கு பெயின்ட் அடிக்கிறாங்க சிஸ்டர். காஞ்சதும் அம்மா இட்டுகினு போய்டும்.”

வட்டமே சிரித்தது.

“எங்க வூட்லயும் அதான்பா! நாலு வருசமா அடிக்கிறாங்க” என்றார் ஒரு நரைத்த மீசைக்காரர்.

“எங்க வூட்ல மாடி கட்றாங்க” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“உனுக்காச்சும் மாடி... எங்க அண்ணன் போன் நம்பரையே மாத்திட்டான்!”

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “பந்து சேகர் அண்ணன்கிட்ட இருக்கு. மத்தவங்க அப்புறம்” என்றார்.

சேகர் பந்தை என்னிடம் நீட்டினான். “நீயே சொல்லும்மா. எப்பம்மா காயும்?”

பொய் எனக்குப் புதிதா? ஊரில் கேட்டால், ‘பெரியவன் வெளியூர்ல வேலை’ என்று தலை நிமிர்ந்து சொல்கிறவள். ஆனால் அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நம் பதிலுக்குக் காத்திருந்தால்...

“கல்யாணம் முடியட்டும்டா” என்று வந்துவிட்டது.

“யாருக்கும்மா கல்யாணம்?”

தினமும் அந்தத் தம்பி மகளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் கேட்கிறான்.

“சொல்லுங்கம்மா. பந்து உங்ககிட்டதான் இருக்கு” என்றார் நர்ஸ்.

பந்தைத் தரையில் வைத்தேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. நெட்டப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டில் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பார்களாம்.

படிக்கட்டும்.