ஸ்டிக்கர் மாமாவின் லைசென்ஸ்

குடும்பத்தில் எல்லோரும் அவரை ஸ்டிக்கர் மாமா என்றுதான் கூப்பிடுவோம், முதுகுக்குப் பின்னால். பிரிட்ஜ் பழசாகி முனகத் தொடங்கிய பிறகும், கடையில் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கரை அதன் கதவிலிருந்து கிழிக்க விடமாட்டார். கிழித்தால் மதிப்பு போய்விடுமாம். எந்த வேலையிலும் அவர் நிலைத்ததில்லை. யோசனை மட்டும் சொல்வார். அத்தைதான் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுத்து வீட்டை ஓட்டினாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் பதிப்பகத்தின் புதிய மென்பொருள் ஏறவில்லை. கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டத்தை மாற்றினால்தான் அடுத்த புத்தகம் என்று பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா கடைக்குப் போனார், துணைக்கு நான்.

"மெமரியைக் கூட்டினா இந்தப் பெட்டியே தாங்கும் சார். புது சிஸ்டத்துக்கான லைசென்ஸ் நம்பர்தான் ரெண்டு விதம். ஒண்ணு இந்தப் பெட்டியோட முடிஞ்சிடும். இன்னொண்ணு, நாளைக்கு வேற பெட்டி வாங்கினா அதுக்கு மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"வெறும் நம்பருக்கு யாராவது காசு குடுப்பாங்களா? மெமரியை மட்டும் போடுங்க. லைசென்ஸ் வீட்ல இருக்கு."

வீட்டில் இருந்தது, யாரோ தூக்கியெறிந்த ஒரு செத்த லேப்டாப். அதன் அடியில் லைசென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மாமா அத்தையின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உரித்து, எங்கள் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். வாழ்நாளில் அவர் இவ்வளவு அக்கறையோடு வேறெந்த வேலையும் செய்ததில்லை.

"ஓரம்கூட மடங்கல, பாத்தியா!"

இணையத்திலிருந்து இறக்கிய புது சிஸ்டம் ஏறியது. ஸ்டிக்கரில் இருந்த நம்பரை மட்டும் அது ஏற்கவில்லை. லைசென்ஸ் இல்லை என்ற வரி திரையின் வலது மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா அதன்மேல் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினார்.

"இப்ப எங்க இருக்கு?"

"டேப்புக்குப் பின்னால" என்றாள் அத்தை.

"உனக்குக் குத்தம் சொல்லலைன்னா தூக்கம் வராதே!"

மறுநாள் அத்தை தன் திரையை இணையம் வழியே பதிப்பாசிரியருக்குக் காட்டி, மாதிரிப் பக்கங்களை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், மூலையில என்னமோ எழுதியிருக்கே?" என்றார் அவர்.

அத்தை வாய் திறப்பதற்குள் மாமா குனிந்து மைக்கில் சொன்னார்: "அது உங்க கண்ணுக்குத் தெரியக் கூடாதே சார், நான்தான் டேப் ஒட்டியிருக்கேனே!"

பதிப்பாசிரியர் அத்தையிடமே பேசினார். "எங்க புத்தகத்தைத் திருட்டுத்தனமா அச்சடிக்கிறவங்களோட நாங்க மல்லுக்கட்டிட்டு இருக்கோம் மேடம். லைசென்ஸ் வாங்கிட்டுக் கூப்பிடுங்க."

அத்தை யாரையும் திட்டவில்லை. தனியாகவே கடைக்குப் போய், வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளும் லைசென்ஸை வாங்கி வந்தாள். தன் பெயரில் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டும் போட்டாள். மூலையில் இருந்த வரி மறைந்தது. சாயங்காலமே அடுத்த புத்தகம் வந்து சேர்ந்தது.

மாமா கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தார். திரை பாஸ்வேர்டு கேட்டது.

"என்னடி இது?"

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு."

"நான் உன் புருஷன்!"

"அதுக்குன்னு தனியா லைசென்ஸ் எதுவும் விக்கலையாம். கேட்டுட்டுத்தான் வந்தேன்."