தரை இல்லாத டிராயிங்

வண்டி நின்னா டிரைவரு கெட்டிக்காரரு, நிக்கலன்னா ‘இத எவன்டா செஞ்சான்’னு கேப்பாங்க, பிரேக் டிசைன் பண்றது அவ்வளவுதான். லாரி, பஸ்ஸோட முன் ஆக்சிலுக்கு ஸ்டியரிங் பாகமும் பிரேக் பாகமும் வரையறது என் வேல. பகல்ல லேத்துல நின்னு, சாயங்கால வகுப்புல டிப்ளமோ முடிச்சவன் நான். தூக்கக் கலக்கத்துல படிச்சதுல பாதி எனக்குள்ள இன்னும் தூங்கிட்டுதான் இருக்குது. நீங்களும் ஏதோ ஒண்ணச் செஞ்சு, முகம் தெரியாத ஆளு கையில குடுக்கறவங்களா இருந்தா, கீழ சொல்றது உங்களுக்கும் நடந்திருக்கும். தையக்காரரா இருந்தாலும் சரி, ஆபீஸுல ஃபாரம் தயார் பண்றவரா இருந்தாலும் சரி.

சொல்தா மாமா கேட்ட கேள்வி

கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரியோட பெரிய மாமா ஒருத்தரப் பாக்கப் போனோம். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவரு, எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். உக்காந்ததும், “மாப்ள, என்னா வேல?”ன்னாரு. லாரி பிரேக் வரையறேன்னேன். அவரு பட்டாளத்துல இருபது வருஷம் லாரி ஓட்டினவராம். அது எனக்கு அப்ப தெரியாது.

“நீ லாரி ஓட்டுவியா?”ன்னாரு. இல்ல மாமா, ஸ்கூட்டர்தான்னேன். “லாரிக்கு அடியில படுத்திருக்கியா?” அதுவும் இல்லன்னேன். மாமா பிஸ்கட் தட்ட என் பக்கம் தள்ளிட்டு, என் வீட்டுக்காரியப் பாத்து மெதுவா சொன்னாரு: “உன் புருஷன் சமைக்கிறாரு, சாப்பிடறது இல்ல.”

கண்ணாடி

எங்க கம்ப்யூட்டர்ல ஒரு வசதி இருக்குது. வண்டியோட இடது பக்க பாகத்த மட்டும் வரைஞ்சா போதும். ஒரு பட்டனத் தட்டினா கண்ணாடியில தெரியற மாதிரி வலது பக்கத்த அதுவே போட்டுரும். பாதி வேல மிச்சம். வேலைக்குச் சேந்த முதல் வருஷம் ஒரு ஸ்டியரிங் ஆர்ம் வரைஞ்சேன். சக்கரத்தத் திருப்பற இரும்புக் கை அது. இடது பக்கம் முடிச்சு, பட்டனத் தட்டி, வலது பக்கத்தயும் அனுப்பிட்டேன்.

இரும்ப அடிச்சுக் குடுக்கற பட்டறையில இருந்து முதல் லாட் வந்துச்சு. இடது பக்கம் அருமையா இருந்துச்சு. வலது பக்கத்துல பாகத்தோட நம்பர் இடம் வலமாத் திரும்பி, ஆம்புலன்ஸ் மூஞ்சியில எழுதியிருக்கற மாதிரி இருந்துச்சு. நம்பரயும் சேத்தே நான் கண்ணாடியில திருப்பிட்டேன். பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, “ஏங்க, பாத்தா தெரியலையா?”ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டேன். அவரு சத்தமே போடல. “தெரிஞ்சுது சார். டிராயிங்ல அப்படித்தான் இருந்துது, கீழ உங்க கையெழுத்தும் இருந்துது.”

உப்புத் தண்ணி

அந்த நம்பரத் திருத்தறது சுலபம். இப்ப சொல்லப் போறது அப்படி இல்ல.

போன வருஷம் ஒரு புகார் என் மேசைக்கு வந்துச்சு. வைத்திக்குப்பத்துல இருந்து மெட்ராஸுக்கு மீன் ஏத்திட்டுப் போற லாரி. ஓட்டறவரும் சொந்தக்காரரும் ஒருத்தரே, பேரு கலியபெருமாள். பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குதுன்னு எழுதியிருந்தாரு. பிள்ளைச்சாவடி பஸ் ஸ்டாப்புல, கூடையோட நின்ன ஒரு அம்மா மேல ஏறப் பாத்துச்சாம். அந்தம்மா கூடையப் போட்டுட்டுக் குதிச்சதால தப்பிச்சாங்க.

எங்க மேனேஜரு பதில முன்னாடியே டைப் பண்ணி வச்சிருந்தாரு. மீன் லாரி, உப்புத் தண்ணியில நிக்கிது, பராமரிப்பு சரியில்ல, புகார் முடிஞ்சுது. டிசைன் பண்ணவன்னு என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதே ஆக்சில் அடுத்த மாசம் பஸ்ஸுக்கும் போகணும். நான் படிச்சுப் பாத்தேன். வலது பிரேக் மட்டும் இறுகிப் போய் அசையல, அதனால இடது பிரேக் மட்டும் முழுசாப் புடிக்கிதுன்னு வண்டியப் பாத்த மெக்கானிக் எழுதியிருந்தாரு. “சார், உப்புத் தண்ணிக்கு இடது வலது தெரியாதே, ரெண்டு பக்கமும்ல இறுகணும்?”ன்னேன். மேனேஜரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ அருளு. கடல நாம டிசைன் பண்ணல.”

லாரிக்கு அடியில

கையெழுத்துப் போடல. வீட்டுக்குப் போனேன். ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூச முடிஞ்சதும், வீட்டுக்காரிய வீட்டுல விட்டுட்டு, கோயிலுக்குப் போட்ட வெள்ளச் சட்டையோடயே வைத்திக்குப்பம் போனேன். கலியபெருமாள் அண்ணன் லாரிக்கு அடியில படுத்து கிரீஸ் அடிச்சுட்டிருந்தாரு. பராமரிப்பு சரியில்லாத ஆளு ஞாயித்துக்கிழம கிரீஸ் அடிக்க மாட்டாரு.

விஷயம் இதுதான். பிரேக் மிதிச்சா ஒரு தண்டு திரும்பும், அது பிரேக் ஷூவ டிரம் மேல அமுத்தும். தண்டு இறுகாம இருக்க கிரீஸ் வேணும், கிரீஸ் உள்ள போக ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். இடது பக்கம் அண்ணன் கிரீஸ் அடிக்கற கன்ன நிப்பிள்ல வச்சாரு, கிரீஸ் போச்சு. வலது பக்கம் கன் நுழையல. ஏன்னா வலது பக்கம்தான் ஸ்டியரிங்ல இருந்து வர்ற கம்பி நிப்பிளுக்கு நேரா குறுக்க போகுது. இடது பக்கம் அந்தக் கம்பியே கிடையாது. நான் இடது பக்கம் வரைஞ்சேன், பட்டனத் தட்டினேன். லாரி கண்ணாடி இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல.

“அப்ப இவ்வளவு நாளா வலது பக்கம் எப்படிண்ணே அடிச்சீங்க?”ன்னேன். “வூட்டுக்காரிய மேல உக்கார வச்சு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் புடிச்சுக்கச் சொல்லுவேன் சார். அப்ப கம்பி கொஞ்சம் நவுரும். அவ மீன் ஏலத்துக்குப் போயிட்டான்னா அந்த வாரம் வலது பக்கத்துக்கு பட்டினிதான். இந்த ரெண்டு மாசமா தெனம் போறா.”

எனக்கு மனசு ஒத்துக்கல. போன எடுத்து டிராயிங் படத்தக் காட்டினேன். “பாருங்கண்ணே, நிப்பிளுக்கும் கம்பிக்கும் நடுவுல இடம் இருக்குது, ரெண்டும் இடிக்கல.” அண்ணன் படுத்த மேனிக்கே போன வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. படத்துல ஆக்சில் அந்தரத்துல மிதந்துட்டிருந்துச்சு. அவரு விரல்ல இருந்த கிரீஸ் ஸ்கிரீன்ல ஒட்டிக்கிச்சு. “நிப்பிளுக்கு இடம் இருக்குது, கன்னுக்கு எங்க இருக்குது? உங்க கம்ப்யூட்டர்ல தரையே இல்லையா சார்?”

காரணம்னு ஒரு கட்டம்

டிராயிங்க மாத்தணும்னா ஓரத்துல ‘மாற்றத்துக்குக் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் அதுல ‘மேம்பாடு’ன்னு எழுதிடுவோம். நல்ல வார்த்த. யாரும் தப்புப் பண்ணல, நல்லா இருந்தத இன்னும் நல்லாக்கிட்டோம்னு அர்த்தம். எத்தனையோ தடவ நானே எழுதியிருக்கேன். ஆனா மேம்பாடுன்னு எழுதினா புது வண்டிக்குத்தான் மாத்துவாங்க. வித்த வண்டியத் திரும்பக் கூப்புட மாட்டாங்க.

திங்கக்கிழம காலையில, ‘வலது பக்கம் கிரீஸ் கன் நுழையாது; வரையும்போது பாக்கல’ன்னு எழுதி மேனேஜர் மேசையில வச்சேன். அவரு படிச்சாரு. “வித்த வண்டி எல்லாத்தயும் கூப்புடணும், பஸ்ஸு நிக்கும், மேல இருந்து கேப்பாங்க, தெரியுதா?”ன்னாரு. “கேக்கட்டும் சார். வரைஞ்சவர்னு என் பேருதான இருக்குது.” அவரு டிராயிங்கோட அடிக்கு விரலக் கொண்டு போனாரு. என் பேருக்கு அடுத்த கட்டத்துல, சரிபாத்தவர்னு அவரு பேரு இருந்துச்சு. அதத்தான் நான் எழுதும்போது கவனிக்கல. டிராயிங்க எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. போச்சுன்னு நெனச்சேன். “அரைகுறையா எழுதாத. ‘சரிபாக்கும்போதும் பாக்கல’ன்னு சேத்துக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

பிள்ளைச்சாவடி பஸ் ஸ்டாப்

செஞ்சது பெரிய வித்த ஒண்ணும் இல்ல. வலது பக்க நிப்பிளப் பின் பக்கமாத் திருப்பி, வாய் வளைஞ்சதாப் போட்டோம். வண்டிங்க ஒண்ணொண்ணா வந்துச்சு. கலியபெருமாள் அண்ணன் வண்டிக்கு நானே அடியில படுத்து கிரீஸ் அடிச்சேன். தார் ரோட்டுச் சூடு முதுகுல ஏறுச்சு, ஒரு உருண்ட கிரீஸ் கன்னத்துல விழுந்துச்சு, ஆனா கன் சுளுவா நுழஞ்சுது. அதுக்கப்புறம் அண்ணன், “ஏறுங்க சார்”னாரு. என் வாழ்க்கையில லாரியில முன் சீட்டுல உக்காந்தது அதுதான் முதல் தடவ.

பிள்ளைச்சாவடி வந்ததும், முன்னாடியும் பின்னாடியும் வண்டி இல்லன்னு பாத்துட்டு, “இப்ப பாருங்க”ன்னு சொல்லி ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு கையயும் ஒரு ஜாண் தூக்கிட்டு பிரேக்க மிதிச்சாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன், பொய் சொல்லக் கூடாது. வண்டி கோடு போட்ட மாதிரி நேரா போய் நின்னுச்சு. கண்ணத் தொறந்தா இடது பக்கம் பஸ் ஸ்டாப். அங்க கூடையோட ஒரு அம்மா, பஸ் ஸ்டாப் தூணுக்குப் பின்னாடி போய், கூடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எங்களையே பாத்துட்டிருந்தாங்க. “அவங்கதானா?”ன்னேன். அண்ணன் தலையாட்டினாரு. “என் வண்டியப் பாத்தா தெனம் அங்கதான் போய் நிக்கிது அந்தம்மா. வண்டிய சரி பண்ணிட்டீங்க சார். அந்தம்மாவ யாரு சரி பண்றது?”

இப்பல்லாம் புதுசா எந்த ஆக்சில் வரைய ஆரம்பிச்சாலும் முதல்ல அடியில ஒரு கோடு போட்டு தரைன்னு எழுதறேன், இடது ஓரத்துல கூடையோட ஒரு ஆள நிக்க வைக்கறேன், பிரிண்ட் எடுக்கறப்போ ரெண்டயும் அழிச்சுடறேன், மேனேஜரும் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போயிடறாரு.