மாமி கழுவிய பட்டாளத்து லாரி

தனசிங்குக்கு உலகத்தில் ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது பொம்மை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு போய்விடுவார். "சார் பொம்மை செய்வாராமே" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

ஆள் ஒன்றும் சின்னவர் இல்லை. தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். மனைவி ரத்தினபாய் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சேலையூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் வெகுகாலமாகக் குடியிருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரர்கள், ஸ்ரீநிவாசன் சாரும் பாலாம்பாள் மாமியும். மகள் ஜோவிதா கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. அதில் ட்யூஷன் எடுக்கலாம் என்று ரத்தினபாய் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்து முடிப்பதற்குள் தனசிங் மேஜையைப் போட்டு, விளக்கைத் தொங்கவிட்டு, பசையும் பெயிண்டுமாகக் குடியேறிவிட்டார்.

அவர் செய்வது பட்டாள வண்டிகள். நிஜ வண்டியை முப்பத்தைந்து மடங்கு சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, லாரி என்றால் ஒரு சாண் நீளத்துக்கு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்டை வாங்கிப் படத்தில் போட்டிருக்கிறபடி ஒட்டிவிட்டால் முடிந்தது வேலை என்று நினைக்காதீர்கள். கிட் எல்லாம் வெளிநாட்டு வண்டி. தனசிங்குக்கு வேண்டியதோ நம் ஊர்ப் பட்டாளத்துச் சக்திமான் லாரி. சின்ன வயதில் நாகர்கோவில் ரோட்டில் வரிசையாகப் போவதைப் பார்த்தது. அதற்கென்று கிட் எங்கேயும் கிடையாது. ஆகவே, ஏறக்குறைய அந்தச் சாயலில் இருக்கும் ஒரு வெளிநாட்டு லாரியை வாங்கி, அறுத்து, மாற்றி, இதுவாக ஆக்க வேண்டும்.

முதல் தலைவலி ஸ்டியரிங். அந்த ஊர் வண்டியில் அது இடது பக்கம். இவர் டேஷ்போர்டை இரண்டாக அறுத்து, திருப்பி ஒட்டி, ஸ்டியரிங்கையும் மிதிகளையும் வலது பக்கம் கொண்டுவந்தார். கதவை மூடிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. "தெரியாததுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று ரத்தினபாய் கேட்டாள். நமக்குத் தெரியுமே என்றார். மூக்கு வேறு மாதிரி இருந்தது, அதைப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகச் செய்தார். மேல்மூடித் தார்ப்பாய் டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்தது. சீட்டுக்குப் பம்மலில் ஒரு தோல் பட்டறை வாசலில் விழுந்து கிடந்த சீவல். அதைக் கேட்டு வாங்கப்போய், பட்டறைக்காரர், "இன்னா சார், கொயந்தைக்குப் பொம்மையா?" என்று கேட்க, இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினதுதான்.

இந்த வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹாலில் கூடி, அவரவர் வண்டிகளை வைத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். அதை நடத்துகிற பத்ரிதான் தீர்ப்புச் சொல்கிறவர்களில் முக்கியமானவர். தனசிங் போன தடவை கொண்டுபோன ஜீப்பையும், அதற்கு முந்தின தடவை கொண்டுபோன தண்ணீர் டேங்கரையும் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவோரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று போட்டிருந்த மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டார். காரணமும் சொன்னார்.

"சார், எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கு. வெதரிங் பண்ணுங்க. மழை, சேறு, துரு, எதையாவது காட்டுங்க. இல்லேன்னா இது பொம்மைதான் சார்."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே ரத்தினபாயிடம் சபதம் போட்டார். அடுத்த தடவையும் அந்த ஓரத்து மேஜையில் வைக்கச் சொன்னால் இனிப் பசையைத் தொடுவதில்லை, அறையை ட்யூஷனுக்கு எடுத்துக்கொள் என்று. ரத்தினபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதை மனதில் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவருக்குப் பைத்தியம் சேற்றின் மேல் திரும்பியது. லாரி முடிந்து, பச்சை அடித்து, நம்பர் எழுதி எல்லாம் ஆன பிறகு சேறு பூசுவதற்கு மட்டும் மாதக்கணக்கில் ஆயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்ச் செம்மண் அள்ளிவந்தார். ரத்தினபாயின் பழைய நைலக்ஸ் புடவையில் அதைச் சலித்தார். மண்ணில் பசைத்தண்ணீர் விட்டு, டயர் பள்ளத்தில் ஈரச்சேறு, மட்கார்டுக்கு அடியில் காய்ந்த சேறு, கதவில் தெறித்த சேறு என்று வகை வகையாகச் செய்தார். தார்ப்பாய்க் கம்பியில் துரு. டீசல் ஊற்றுகிற வாய்க்குக் கீழே எண்ணெய் வழிந்த கறை. படியில் பூட்ஸ் கால் தேய்ந்த இடத்தில் மட்டும் பச்சை போய் இரும்பு தெரிகிற மாதிரி ஒரு தேய்ப்பு. முடிந்த அன்றைக்கு ரத்தினபாயே கிட்டே வந்து பார்த்து, "பாவம், எங்க எல்லாம் சுத்திட்டு வந்ததோ" என்றாள். தனசிங் அன்றைக்கு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சரி, விதி எங்கே இருக்கிறது பாருங்கள். பூஜை விடுமுறையில் நாகர்கோவிலில் ரத்தினபாயின் அக்கா மகனுக்குக் கல்யாணம். கிளம்புகிற அன்றைக்கு மழை. மாடித் தளத்தில் வெடிப்பு, சரியாக அந்த மேஜைக்கு மேலே சொட்டுகிறது. வேறு வழி இல்லாமல் லாரியை ஒரு அட்டைப்பெட்டி மூடியில் ஏற்றி, மழைத்துளி படாமல் குடை பிடித்துக் கீழே கொண்டுபோனார். பாலாம்பாள் மாமி கூடத்து அலமாரியின் மேல் இடம் ஒழித்துத் தந்தாள்.

அவசரத்தில் தனசிங் சொன்னது இதுதான்: "மாமி, நம்ம வண்டியைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"உங்க வண்டி என் வண்டி மாதிரி. கவலைப்படாம போய்ட்டு வாங்கோ" என்றாள் மாமி.

நினைத்துப் பார்த்தால் அவர் வாயால்தான் வந்தது. மாடல் என்றோ, ஏன், பொம்மை என்றோ சொல்லியிருந்தால்கூட லாரி பிழைத்திருக்கும். வண்டி என்றார். ஆயுத பூஜை வருகிற வாரம். வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமி என்ன செய்வாள்?

திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே மூட்டையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார். மாமி வாசலிலேயே நின்றிருந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. அலமாரியின் மேல் லாரி பளபளவென்று நின்றது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. துரு இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. அதற்குப் பதில் மூக்கில், கதவுகளில், பின்பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவுக்கு. மேலே கதம்பத்திலிருந்து கிள்ளி எடுத்த ஒரு சின்னச் சரம். முன்சக்கரத்தின் கீழே ஒரு முழு எலுமிச்சம்பழம். லாரி அதன்மேல் ஏறி, மலையேறுகிற மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"ஒரே அழுக்கா இருந்தது. உங்களுக்கு எங்க நேரம்? சீயக்காப் பொடி போட்டு, பழைய பல் பிரஷ்ஷால மெதுவாத் தேச்சேன். சந்து பொந்தெல்லாம் மண்ணு. எப்படித்தான் சேர்ந்ததோ. கண்ணாடி ஒண்ணு கழண்டு வந்துடுத்து, இதோ கிண்ணியில பத்திரமா இருக்கு. மாமாவோட ஸ்கூட்டர், என் மிக்சி, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிட்டு இதை மட்டும் எப்படி விடறது?"

தனசிங் எலுமிச்சம்பழத்தின் மேலிருந்து லாரியை மெல்ல இறக்கிக் கையில் எடுத்தார். மாமி சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். ஒரு கையில் லாரியும் ஒரு கையில் சுண்டலுமாக மாடிப்படி ஏறி வந்தவர், சுண்டலைத் தொடவே இல்லை.

ரத்தினபாய் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "வயசானவங்க, அன்பா செய்திருக்காங்க, போய் ஒண்ணும் கேட்டுராதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதுதானே வயிற்றெரிச்சல். கெடுதல் செய்தவர்களிடம் சண்டைக்குப் போகலாம். அன்பாகக் கழுவிவைத்தவர்களிடம் என்னவென்று போவது?

நாவலூர்க் கண்காட்சி அந்த ஞாயிற்றுக்கிழமை. தனசிங் லீவு போட்டு உட்கார்ந்தார். பொட்டுகளைப் பஞ்சால் துடைத்தார். சந்தனம் வந்தது, கறை வரவில்லை. குங்குமம் பச்சைப் பெயிண்டுக்குள் இறங்கி, கதவின் இடுக்குகளில் செந்நிறமாக ஊறிப்போயிருந்தது. மேலே மறுபடி பச்சை அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சேறு குழைத்துப் பூசினார். வெளியே மழை, காற்றில் ஈரம், சேறு காயவே இல்லை. தொட்டால் உரிந்து கையோடு வந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் குழாயடியில் தானே கழுவினார். கழுவும்போது, இதைத்தானே மாமியும் செய்தாள் என்று இன்னும் கோபம் வந்தது.

துடைத்து மேஜையில் வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான பட்டாளத்து லாரி. கதவில் குங்குமக் கறை. பட்டாளத்தில் மட்டும் ஆயுத பூஜை கிடையாதா என்ன? அன்றைக்கு அங்கேயும் லாரியைக் கழுவித்தானே நிறுத்துவார்கள்?

மாமி வைத்த பொட்டு நிஜ லாரியில் இருந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். தனசிங் ஊசி முனையில் சந்தன நிறத்தைத் தொட்டுக் கறையின் மேலேயே சின்னச் சின்னதாக வைத்தார். நடுவில் தலைமுடி நுனியால் சிவப்பு. நூலை அவிழ்த்து மாலை கட்டினார். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கடுகு கேட்டார்.

"எதுக்கு?"

"எலுமிச்சம்பழம்."

மஞ்சள் பெயிண்டில் புரட்டிய கடுகை முன்சக்கரங்களுக்குக் கீழே வைத்து ஒட்டுவதை ரத்தினபாய் பார்த்துக்கொண்டே நின்றாள். "நம்ம சர்ச் சபையில யாராவது பாத்தா என்ன சொல்வீங்க? தனசிங் வண்டிக்குப் பூஜை போடுதாருன்னுதானே பேச்சு வரும்?"

"பூஜை போட்டது மாமி. நான் அளவை மட்டும்தான் சரி பண்ணுதேன்" என்றார், தலை நிமிராமல்.

நாவலூர் ஹாலில் பத்ரி லாரிக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்தார். கன்னத்தைச் சொறிந்தார்.

"வெதரிங்கே இல்லையே சார். போன வருஷமே சொன்னேனே."

"கழுவியிருக்கு சார். ஆயுத பூஜை அன்னைக்கு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பத்ரியும் சிரித்தார். "ஐடியா க்யூட்டா இருக்கு. ஆனா மிலிட்டரி டேபிள்ல இதை எப்படி வைக்கறது? பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், அந்த டேபிள்ல வச்சிருங்க. பொம்மைக்குப் பூஜை போட்ட மாதிரி இருக்கே சார்."

தனசிங்குக்குக் காது மடல் சூடானது. மாதக்கணக்கில் சலித்த மண்ணெல்லாம் ஒரு சொல்லில் போயிற்று. அவர் லாரியை எடுக்கவில்லை.

"பொம்மைக்கு யாரும் ஆயுத பூஜை போட மாட்டாங்க சார். வண்டிக்குத்தான் போடுவாங்க. எங்க ஹவுஸ் ஓனர் மாமி இதை வண்டின்னு நினைச்சுத்தான் கழுவி, பொட்டு வச்சாங்க. நீங்க எல்லாரும் இங்க வச்சிருக்கீங்களே, இதுல எதையாவது யாராவது அப்படி நினைச்சாங்களா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வருஷக்கணக்கில் வண்டி என்கிற இந்தச் சொல்லை ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தார். ஒரே ஒருத்தி சொன்னாள். அவள்தான் கழுவியும் வைத்தாள்.

பத்ரி மறுபடி குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் கதவின் ஜன்னல் வழியாக உள்ளே அடித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார், மிதிகளைப் பார்த்தார். "ரைட் ஹேண்டா மாத்தியிருக்கீங்களா?" என்று முனகினார். பிறகு, "சரி, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

கோப்பை கிடைக்கவில்லை. அது சேற்றில் புதைந்த ஒரு டாங்கிக்குப் போயிற்று. அந்தச் சேற்றைத் தனசிங் கிட்டே போய்ப் பார்த்தார். கடையில் விற்கிற சேறு, பாட்டிலில் வருவது. தன் செம்மண்ணுக்குக் கால்தூசி பெறாது. அதை யாரிடம் சொல்ல? பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

ரத்தினபாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்ப ரூமைக் காலி பண்ணிரலாமா?"

"எதுக்கு?"

"கப் வரலையே."

"கப்புன்னா சொன்னேன்? ஓரத்து மேஜைன்னு சொன்னேன். ஓரமா வைக்கலையே" என்றார் தனசிங். ரத்தினபாய் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மாமி லாரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"நான் வச்ச பொட்டை ஏன் அழிச்சேள்? இது கண்ணுக்கே தெரியலையே. எலுமிச்சம்பழம் எங்கே?"

கீழே இருக்கு மாமி, நல்லாப் பாருங்க என்றார். மாமி கண்ணாடி போட்டுப் பார்த்தும் அதைப் பழம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடுகு கடுகுதான் என்றாள். தனசிங் கடைசியில் துணிந்து, அந்த அழுக்கு அழுக்கில்லை, தான் வேண்டுமென்றே பூசியது என்பதை மெல்ல எடுத்துச் சொன்னார். மாமி முழுக்கக் கேட்டாள். ஒரு வார்த்தையும் அவளுக்குள் இறங்கவில்லை.

"யாராவது வண்டியை அழுக்குப் பண்ணி வச்சுப்பாளா? அடுத்த பூஜைக்கும் அப்படியே கொண்டுவந்து வச்சேள்னா, நான் கழுவத்தான் கழுவுவேன்."

இப்போது தனசிங் ஒரு ஆம்புலன்ஸ் லாரி செய்துகொண்டிருக்கிறார். செம்மண் புதிதாக வந்து இறங்கியிருக்கிறது. தளத்து வெடிப்பை ஸ்ரீநிவாசன் சார் இன்னும் அடைத்த பாடில்லை, மழை வந்தால் மேஜையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். வண்டி முடிந்ததும் மாமி கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று ரத்தினபாயிடம் சொல்லிவைத்திருக்கிறார். வண்டி முடிந்ததா, நம்பர் எழுதியாயிற்றா என்று மாமி படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். வண்டி எப்போது முடியும் என்று அவளைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. அதனால், முடிந்த பிறகும் இன்னும் இல்லை மாமி என்று பொய் சொல்ல அவருக்கு மனம் வரும் என்று தோன்றவில்லை.