அண்ணி தேடிய கனெக்டர்

அண்ணி தன் நீல நிற வாயில் புடவையைச் சுவரோரமாக நீட்டிக்கொண்டே போன அந்தச் சனிக்கிழமைக் காலையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பாவின் கட்டில் காலில் ஒரு நுனியை முடிந்துவிட்டு, பீரோவைச் சுற்றி, தண்ணீர்க் குடங்களைத் தாண்டி, சமையலறை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். புடவை வாசலுக்குச் சற்று முன்னாலேயே தீர்ந்துவிட்டது. உடுத்தியிருந்த புடவையின் முந்தானையை எடுத்து மிச்சத்தையும் அளந்தார். "ஒரு புடவை, ஒரு முந்தானை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், நான் பார்ப்பதைக் கண்டு, "இஞ்ச் டேப் எங்க போச்சுன்னே தெரியல பாப்பா" என்றார்.

அளந்தது ஒயருக்காக. மர்பி டவுனில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறையில் அப்பாவின் கட்டில், கடைசியில் சமையலறை. சிட்டி பஸ் ஓட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்த அப்பாவைப் பக்கவாதம் சாய்த்துப்போட்டது. பேச்சு போய்விட்டது. வலது கை அசையவில்லை. இடது கையில் விரல்கள் மட்டும் லேசாக எழும். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவேன், அண்ணன் வேலைக்குப் போய்விடுவான். பகல் முழுவதும் அப்பாவோடு இருந்தது குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட முடியாத அண்ணிதான்.

அதுவரை எனக்கும் அண்ணிக்கும் பேச்சு என்பது "கேஸ் தீர்ந்துபோச்சு", "தண்ணி வருது" என்ற அளவில்தான் இருந்தது. சண்டையெல்லாம் கிடையாது. இரண்டு பேருமே கூச்ச சுபாவம். அவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்பதைக் கல்யாணப் பேச்சின்போது கேட்டு மறந்துவிட்டிருந்தேன். படிப்பு முடிந்தும் ஊரில் வேலை கிடைக்காமல், பொழுதுபோக்காக எதையாவது கோத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தச் சாமான்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் எங்கள் வீட்டுக்கும் வந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

அப்பா கூப்பிடுவதற்காக அண்ணன் கடையில் ஒரு பெல் வாங்கி வந்தான். அதன் பொத்தானை அழுத்த அப்பாவின் விரலில் பலமில்லை. எத்தனை பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பிய கை! பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அண்ணி பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளைகளோடு ஒரு வெள்ளைப் பலகை அவர் மடியில் இருந்தது. ப்ரெட்போர்டு என்றார். ஈயம் வைத்து ஒட்டாமலே, துளைகளில் ஒயரையும் பாகங்களையும் செருகி சர்க்யூட் செய்யலாமாம். தொட்டாலே போதும் என்கிற சென்சார் ஒன்றையும் சத்தம் போடுகிற பஸ்ஸர் ஒன்றையும் அதில் செருகினார். அப்பாவின் விரல் அதன்மேல் பட்டதும் பஸ்ஸர் கீச்சென்று கத்தியது. அப்பா திடுக்கிட்டார். பிறகு வேண்டுமென்றே இன்னொரு முறை தொட்டார்.

பிரச்சினை ஒயரில் வந்தது. ப்ரெட்போர்டில் செருகும் ஒயர்கள் ஒரு சாண்தான் இருக்கும். பஸ்ஸரோ சமையலறையில் கத்தியாக வேண்டும். அண்ணி தன்னிடமிருந்த சிவப்பு, மஞ்சள், பச்சை ஒயர்களையெல்லாம் ஒன்றன் வாலில் ஒன்றைச் செருகி, பூச்சரம் மாதிரி சுவரோரமாக ஓடவிட்டார். யாராவது வேகமாக நடந்தாலே எங்காவது கழன்றுகொள்ளும். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது அப்பாவின் படுக்கை நனைந்திருந்தது. தண்ணீருக்காகத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார், சத்தம் வரவில்லை. கைக்கருகே இருந்த செம்பைத் தானே விரலால் இழுக்கப் போய் அது கவிழ்ந்துவிட்டது. சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு உங்க மேல இல்ல மாமா. ஒயர் மேல. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமைதான் புடவை அளவு. அப்பாவோடு அண்ணனை இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோடுக்குக் கிளம்பினோம். நான் போனது கன்னடம் பேச. அண்ணி கைப்பையில் வெள்ளைப் பலகையை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

ஒயர் சுலபமாகக் கிடைத்தது. "எஷ்டு உத்தா பேக்கு மேடம்?" என்று கடைக்காரர் நீளம் கேட்க, நான் மொழிபெயர்ப்பதற்குள் அண்ணி, "ஒரு புடவை, ஒரு முந்தானை" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கன்னடத்தில் அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கரையோட சேர்த்தா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, தாராளமாகவே வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் அந்த ஒயர் துளைக்குள் போகவில்லை. நுனியில் மெல்லிய செம்பு இழைகள் துடைப்பம்போல விரிந்துகொண்டன. ஈயம் வைத்து ஒட்டினால் புகை வரும், அப்பாவுக்கு இருமல். ஒயரை ஒரு பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பலகையின் துளைகளில் உட்காரும் ஏதோ ஒரு பொருள் வேண்டும். அப்படி ஒன்றைக் கல்லூரி லேபில் பார்த்திருக்கிறார் அண்ணி. பெயர்தான் நினைவில்லை. பெயர் தெரியாத பொருளை எஸ்.பி. ரோடில் தேடுவது என்றால் என்னவென்று அன்று தெரிந்துகொண்டேன். "க்யா ஹோனா அக்கா?" என்று ஒரு கடையில் தக்னி உருதுவில் கேட்பார்கள், என்ன வேணும் என்று. அண்ணி இரண்டு விரல்களைப் பல் மாதிரி கீழே நீட்டி, மறு கையால் திருகிக் காட்டுவார். ஒருவர் பிளக் கொடுத்தார். ஒருவர் ஸ்பீக்கருக்கான கிளிப் கொடுத்தார். ஒருவர் ஸ்க்ரூடிரைவரே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கடையிலும் துண்டைப் பிரித்துப் பலகையை வெளியே எடுத்துச் செருகிப் பார்ப்பார்; சேராது; மறுபடி சுற்றி வைப்பார். கடைசியில் நானும் விரல்களை நீட்டித் திருகிக் காட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ரிப்பேர் கடை ஒன்றின் வாசலில் ஒதுங்கினோம். நனைந்த குடையை மடக்கிக் கீழே வைக்கக் குனிந்தேன். தரையில் மூடி கழற்றிய ஆம்பிளிஃபயர் ஒன்று கிடந்தது. அதற்குள், ஒரு ஓரத்தில், சர்க்கரைக்கட்டி அளவில் பச்சையாக ஏதோ ஒன்று. தலையில் இரண்டு திருகு. வயிற்றுக்குள் இரண்டு ஒயர்கள் நுழைந்திருந்தன.

"அண்ணி, இங்க வாங்க. இதைப் பாருங்க."

அண்ணி குனிந்தார். அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கடைக்காரர் பதறி எழுந்து வந்தார். "இதுதான்! இதுதான்! இதுக்குப் பேரு என்னங்க?" என்று அண்ணி கேட்க, "ஸ்க்ரூ டெர்மினல்மா. பக்கத்துக் கடையிலயே இருக்கே" என்றார் அவர். பக்கத்துக் கடை, நாங்கள் முதலில் ஏறி இறங்கிய கடை. அங்கே பெயரைச் சொன்னதும் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டார்கள். அண்ணி துண்டைப் பிரித்து ஒன்றை எடுத்துத் துளைகளில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார். குடியாத்தத்து லேப், தோழிகள், முதல்முதலாக எரியவைத்த பல்ப். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டோம்.

சாயங்காலம் ஒயரைச் சுவரோரமாக ஆணியடித்துப் பூட்டினோம். அண்ணி திருகை இறுக்கிவிட்டு, ஒயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நாங்கள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்ததும் பஸ்ஸர் கத்தியது. இருவரும் ஓடினோம். தண்ணீரா? இல்லையென்று தலையை அசைத்தார். முதுகு வலிக்கிறதா? இல்லை. மறுபடி அடுப்படிக்கு வந்தால் மறுபடி சத்தம். இந்தத் தடவை விரலை மெதுவாக எழுப்பி, கட்டிலருகே இருந்த பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் அசையும் வாயால் சிரித்தார். அண்ணி எஸ்.பி. ரோடு கதை முழுவதையும் விரல் நீட்டித் திருகி அவருக்கு நடித்துக் காட்டினார். அன்று சமையல் நடக்கவில்லை. அண்ணன் போய் இட்லி வாங்கி வந்தான்.

அதற்குப் பின் அப்பா இருந்த காலமெல்லாம் அந்த பஸ்ஸர் கத்திக்கொண்டேதான் இருந்தது. இப்போது அப்பா இல்லை. அண்ணனும் அண்ணியும் லிங்கராஜபுரத்தில் இருக்கிறார்கள். பொருளின் பெயரை போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிற காலம் இது. அண்ணியின் மேஜையில் எல்லா அளவிலும் கனெக்டர்கள் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்காக யார் கேட்டாலும் அந்த பெல்லைச் செய்து கொடுக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது ஜீவனஹள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அம்மாவுக்கு அந்த வாரம்தான் பெல் வைத்துக் கொடுத்திருந்தார் அண்ணி. ஸ்பீக்கரில் அவர் குரல் சலிப்பாகக் கேட்டது.

"மேடம், பெல்லுல ஏதோ ஃபால்ட்டு போல. சும்மா சும்மா அடிக்குது. போய்க் கேட்டா அம்மா ஒண்ணும் வேணாம்கறாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது.

"பெல் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "ஒரு சேர் எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்காருங்க."